ஆங்கிலத்தின் 'ஹேவ்' வினையும் தமிழின் 'இரு' வினையும்

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் ஆங்கிலப் பயிற்சி ஏட்டில், "மை அங்கிள் ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று எழுதுகிறான் எனக் கொள்க. ஆசிரியர் 'ஹேஸ் கம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'கேம்' என்று திருத்துகிறார். மாணவன் அத்திருத்தத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். அடுத்த வாரம் அதே பிழை மீண்டும் தலைகாட்டுகிறது. "மாமா நேற்று வந்திருக்கிறார் என்று தமிழில் சொன்னால் சரியாக இருக்கிறதே, ஆங்கிலத்தில் மட்டும் அது ஏன் தவறாகிறது?" என்னும் வினா அவன் உள்ளத்தில் இருக்கிறது. ஆனால், அவன் அதனை வாய்விட்டுக் கேட்பதில்லை.

அவ்வினாவிற்குரிய விடையைப் பாடநூலின் விதிகளில் தேடுவது வீண். அது வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலேயர் 'பிரசண்ட் பெர்பெக்ட்' என்று வழங்கும் நிகழ்கால நிறைவு வடிவம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பவற்றை அறிந்த ஆசிரியர், மாணவனின் பிழையை அறியாமை என்று ஒதுக்கமாட்டார். இரண்டு மொழிகள் ஒரே வழியில் நெடுந்தூரம் நடந்து, ஓரிடத்தில் பிரிந்துபோனதன் அடையாளமாகவே அதனைக் காண்பார்.

உடைமையிலிருந்து காலத்திற்கு

கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் பிரித்தானியத் தீவில் வந்து குடியேறிய ஜெர்மானிய இனத்தாரின் பேச்சிலிருந்து உருவானது ஆங்கிலம். அப்பழைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் இரண்டு காலங்களையே வடிவத்தால் காட்டின. ஒன்று நிகழ்காலம்; மற்றொன்று இறந்தகாலம். நிகழ்காலமே எதிர்காலத்திற்கும் பயன்பட்டது. இன்று 'ஹேவ்' என்று வழங்கும் சொல் அன்று 'ஹப்பன்' என்று ஒலித்தது. கையில் வைத்திருத்தல், உடைமையாகக் கொண்டிருத்தல் என்பனவே அதன் பொருள். அது காலங்காட்டும் துணைவினையாகப் பிறந்ததன்று. வீடு, நிலம், கால்நடை ஆகியவற்றை உடையவன் கூறும் முழுவினையாகவே பிறந்தது.

மீன் பிடித்து வந்த ஒருவன், "என்னிடம் மீன் இருக்கிறது, அது பிடிக்கப்பட்ட நிலையில் இருக்கிறது" என்னும் பொருள்பட, "நான் மீனைப் பிடிபட்டதாக உடையேன்" என்ற அமைப்பில் பேசினான். இங்கே 'பிடிபட்ட' என்னும் சொல் மீனுக்கு அடைமொழியாக நின்றது. அதனால் அச்சொல் மீன் என்னும் பெயரின் பால், எண், வேற்றுமை ஆகியவற்றிற்கு ஏற்பப் பல இடங்களில் ஈறு பெற்றது. உடையவன் ஒருவன், பிடித்தவன் வேறொருவனாகவும் இருக்கலாம். தொடர் கூறியது மீனின் இன்றைய நிலையை மட்டுமே.

ஆயினும், கையில் மீன் வைத்திருப்பவன் பெரும்பாலும் அதனைப் பிடித்தவனாகவே இருப்பான். ஆகவே, கேட்டவர் மனத்தில் 'உடையவன்' என்ற பொருள் மெல்லமெல்லப் பின்னுக்குச் சென்றது; 'பிடித்து முடித்தவன்' என்ற பொருள் முன்னுக்கு வந்தது. அடைமொழியின் ஈறுகள் தேய்ந்து மறைந்தன. சொற்களின் வரிசையும் மாறி, 'ஹேவ்' வினையும் எச்சமும் அருகருகே வந்து நின்றன. 'உறங்கு', 'நட' முதலிய வினைகளோடும் 'ஹேவ்' சேரத் தொடங்கியபோது மாற்றம் முழுமை பெற்றது. உறக்கத்தில் கையில் வைத்துக்கொள்ளத்தக்க பொருள் எதுவும் இல்லை. அங்கே 'ஹேவ்' தன் உடைமைப் பொருளை இழந்து வெறும் துணைவினையாகிவிட்டது என்பது தெளிவு.

பழைய வரிசையின் சுவடு இன்றும் அழியவில்லை. "ஐ ஹேவ் கட் மை ஹேர்" என்றால், பேசுபவர் தம் முடியைத் தாமே வெட்டினார் என்பது பொருள். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்றால், முடிதிருத்துபவரைக் கொண்டு வெட்டிக்கொண்டார் என்பது பொருள். பெயரும் எச்சமும் இடம் மாறிய அளவில் பொருளும் மாறிவிடுகிறது.

இரண்டு துணைவினைகள்

உடைமையாகக் கொள்ளத்தக்க பொருள் இல்லாத வினைகளுள் வருதல், போதல், எழுதல், வளர்தல் முதலிய இயக்கமும் மாற்றமும் குறிப்பவை நெடுங்காலம் வேறு வழியில் சென்றன. அவற்றுக்குத் துணையாக நின்றது 'பீ' என்னும் வினை. அதாவது 'இரு' என்னும் பொருளுடைய வினை. "அவன் வந்தவனாக இருக்கிறான்" என்பது போன்ற அமைப்பு அது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் வருதல், எழுதல் ஆகிய வினைகள் இவ்வாறே 'இஸ்' என்னும் துணையோடு வருவதைக் காணலாம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளில் இவ்விரு துணைவினைகளும் இன்றளவும் தத்தம் வினைகளைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன.

ஆங்கிலத்தில் மட்டும் 'ஹேவ்' படிப்படியாக மற்றதன் இடத்தையும் கவர்ந்துகொண்டது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதன் வெற்றி ஏறக்குறைய நிறைவெய்தியது. "ஹி இஸ் கான்" போன்ற சில தொடர்களே பழமையின் எச்சமாக நிற்கின்றன. பழைய நூல்களைப் படிக்கும் மாணவர் அவற்றில் 'இஸ் கம்' என்று கண்டால் அதனை அச்சுப்பிழை என்று எண்ண வேண்டுவதில்லை.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. சேக்சுபியர் வாழ்ந்த காலத்தில் (1564–1616) நிறைவு வடிவத்திற்கும் எளிய இறந்தகாலத்திற்கும் இடையே இன்றுள்ள கடுமையான எல்லை இல்லை. இன்று நிறைவு வடிவம் வேண்டப்படும் இடங்களில் அவர் எளிய இறந்தகாலத்தை ஆண்டிருப்பதைக் காணலாம். 'யெஸ்டர்டே' போன்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு நிறைவு வடிவம் வரலாகாது என்னும் கட்டுப்பாடு பின்னரே இறுகியது. பிரெஞ்சு மொழியோ நேர்மாறான வழியில் சென்றது. அதன் நிறைவு வடிவம் பேச்சில் எளிய இறந்தகாலத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டது. ஆதலால், 'நேற்று' என்னும் சொல்லோடு நிறைவு வடிவத்தைச் சேர்த்துப் பேசும் பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் பிழை செய்தவராகார். நம் மாணவனின் பிழை மனித அறிவுக்கு முரணானதன்று. ஆங்கிலம் தனக்கென வகுத்துக்கொண்ட எல்லைக்கு மட்டுமே முரணானது.

இலத்தீன் அச்சில் வார்த்த இலக்கணம்

ஆங்கிலத்திற்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் வில்லியம் புல்லோகர் என்பவர் 1586இல் வெளியிட்டதாகும். அக்காலப் பள்ளிகளில் 'இலக்கணம்' என்றாலே இலத்தீன் இலக்கணம் என்பதுதான் பொருள். ஆகவே, ஆங்கிலத்தின் வினை வடிவங்களுக்கும் இலத்தீன் பெயர்களே சூட்டப்பட்டன. 'பெர்பெக்ட்' என்னும் பெயர் 'செய்து முடிக்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இலத்தீனில் 'எழுதினேன்' என்பதற்கும் 'எழுதியிருக்கிறேன்' என்பதற்கும் ஒரே வடிவம்தான். இவ்விரண்டையும் வேறுபடுத்தாத மொழியிலிருந்து, இவ்விரண்டையும் கண்டிப்பாக வேறுபடுத்தும் ஆங்கில வடிவத்திற்குப் பெயர் கடன் வாங்கப்பட்டது. 'முடிந்தது' என்பதே அதன் இலக்கணம் என்று பெயரைக் கொண்டு விளக்கினால், 'கேம்' என்னும் சொல்லும் முடிந்த செயலைத்தானே குறிக்கிறது என்று மாணவன் மயங்குவது இயல்பு.

இம்முறையை மறுத்தவர்களும் இருந்தனர். கணித அறிஞராகிய ஜான் வாலிஸ், 1653இல் வெளியிட்ட தம் நூலில், ஆங்கிலத்தை இலத்தீன் அச்சுக்குள் திணித்தல் பொருந்தாது என்று வாதிட்டார். அந்நூலையும் அவர் இலத்தீனிலேயே எழுதினார் என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டும். அவருடைய வழி பள்ளிகளில் வேரூன்றவில்லை. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய லிண்ட்லி மரே, அந்நகரின் பெண்கள் பள்ளி ஒன்றிற்காக எழுதி 1795இல் வெளியிட்ட இலக்கணமே உலகெங்கும் பரவியது. அவர் ஆங்கிலத்திற்கு ஆறு காலங்கள் வகுத்தார். எனினும், நிறைவு வடிவம் நடந்து முடிந்ததைக் கூறும்போதே நிகழ்காலத்தையும் தொட்டு நிற்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பேசுபவர் குறிக்கும் காலப்பகுதி இன்னும் முடியாதிருந்தால் நிறைவு வடிவம் வரும் என்று அவர் காட்டிய வழி இன்றும் பயன் தருவதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜே. சி. நெஸ்பீல்டு இந்திய மாணவர்க்காக எழுதிய இலக்கண நூல்கள் துணைக்கண்டப் பள்ளிகளில் பெருவழக்குப் பெற்றன. மூன்று காலங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவங்கள், ஆகப் பன்னிரண்டு என்னும் அட்டவணையை மனப்பாடம் செய்வதே ஆங்கிலம் கற்பது என்னும் எண்ணம் இத்தகைய நூல்களின் வழி வேரூன்றியது. அட்டவணை வடிவத்தைக் காட்டியது; எந்த வேளையில் எந்தக் கட்டத்திலிருந்து வடிவத்தை எடுப்பது என்பதை அதனால் காட்ட இயலவில்லை.

டென்மார்க் நாட்டு அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் (1860–1943) இச்சிக்கலைத் தெளிவாக அவிழ்த்தார். நிறைவு வடிவம் இறந்தகாலத்தின் ஒரு வகையன்று. பின்னோக்கிப் பார்க்கும் நிகழ்காலமே அது என்பது அவருடைய முடிவு. மீனை உடையவனின் பழைய தொடரை நினைவுகூர்ந்தால் இம்முடிவின் உண்மை விளங்கும். பிடித்தது அப்போது, இருப்பது இப்போது.

மலாயா வகுப்பறையில்

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பு இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஆங்கிலப் பள்ளியின் கூரையின் கீழ்ப் பிறந்தபோதிலும், தமிழ்ப்பள்ளி பின்னர்த் தோட்டங்களிலேயே பெரிதும் வளர்ந்தது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. மேற்படிப்பும் அலுவலக வேலையும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கிட்டின. எனவே, ஒரு பிள்ளையின் ஆங்கிலப் பிழை அவனுடைய ஏட்டோடு நின்றுவிடவில்லை. அவன் செல்லக்கூடிய தூரத்தையும் வரையறுத்தது.

1957இல் விடுதலை பெற்ற பின்னர்த் தேசியக் கல்விக் கொள்கை உருவாயிற்று. 1970 முதல் தீபகற்ப மலேசியாவின் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளி மாணவருக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்னும் மும்மொழிக் கல்வி நிலைபெற்றது. சிங்கப்பூரிலோ 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படலாயிற்று.

இந்நாடுகளின் மாணவன் ஒருவன் நாள்தோறும் கேட்கும் மொழிகள் நிறைவுப் பொருளை வெவ்வேறு வழிகளில் உணர்த்துகின்றன. மலாய் மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. 'சுடா' என்னும் சொல்லை முன்னே வைத்தால் முடிந்தது. 'பெலும்' என்னும் சொல்லை வைத்தால் இன்னும் முடியவில்லை. அதனால், 'ஆல்ரெடி' என்னும் சொல்லைத் தொடரின் இறுதியில் வைத்துவிட்டு வினையை மாற்றாமல் விடும் பேச்சு வழக்கு இங்கே எளிதில் படிந்துவிட்டது. சீன மொழிகளின் அமைப்பும் அதற்குத் துணைநின்றது. "சாப்பிட்டாயிற்றா?" என்று தமிழிலும், "சுடா மாக்கான்?" என்று மலாயிலும் நாள்தோறும் நலம் விசாரிக்கும் மக்களுக்கு நிறைவுப் பொருள் புதிதன்று, ஆங்கிலம் அதனை உடுத்தும் ஆடை மட்டுமே புதிது.

தமிழின் 'இரு'

தொல்காப்பியம் காலம் மூன்று என்று வகுத்தது. ஆயினும், சங்க நூல்களின் வினை வடிவங்களில் இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாதது என்னும் இருபிரிவே மேலோங்கி நின்றது என்பர் மொழியியலார். நிகழ்காலத்திற்குரிய தனி இடைநிலைகள் பின்னர்ப் பெருகின. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூல், ஆநின்று, கின்று, கிறு என மூன்றைக் கூறுகிறது. அவற்றுள் 'ஆநின்று' என்பதில் 'நில்' என்னும் வினை ஒளிந்திருப்பது வெளிப்படை. முழுவினை ஒன்று தேய்ந்து காலங்காட்டும் உறுப்பாதல் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு.

'இரு' என்னும் வினையின் வரலாறும் அத்தகையதே. தங்குதல், அமர்தல், உளதாதல் என்பன அதன் முதற்பொருள்கள். 'வந்து இருக்கிறான்' என்பது முதலில் 'வந்தான். வந்து இங்கே தங்கியுள்ளான்' என்னும் இரண்டு செய்திகளைக் கூறியது. காலப்போக்கில் 'இரு' தன் முழுப்பொருளை இழந்து துணைவினையாயிற்று. 'எழுதியிருக்கிறேன்' என்பவர் எங்கும் அமர்ந்திருக்க வேண்டுவதில்லை.

இதனினும் வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. தமிழில் 'ஹேவ்' என்பதற்கு நேரான முழுவினை அன்றாட வழக்கில் இல்லை. "ஐ ஹேவ் எ புக்" என்பதைத் தமிழர் "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்றே கூறுவர். ஆகவே, ஆங்கிலத்தில் உடைமைக்கும் நிறைவுக்கும் 'ஹேவ்' என்னும் ஒரே வினை பயன்படுவதுபோல், தமிழில் அவ்விரண்டிற்கும் 'இரு' என்னும் ஒரே வினை பயன்படுகிறது. "என்னிடம் கடிதம் இருக்கிறது", "கடிதம் எழுதியிருக்கிறேன்" என்னும் இரு தொடர்களையும் கரும்பலகையில் எழுதி, அவற்றின் பக்கத்தில் ஆங்கிலத் தொடர்களையும் எழுதினால், மாணவன் அவ்வொற்றுமையைத் தானே கண்டுகொள்வான். அவனுக்குத் தெரியாத ஒன்றைக் கற்பிக்கும் வேலை அங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

வழி பிரியும் இடங்கள்

ஒற்றுமையை மட்டும் காட்டி நிறுத்தினால் அதுவே பிழைக்கு வித்தாகும். வழி பிரியும் இடங்களையும் ஆசிரியர் காட்டுதல் வேண்டும். அவை நான்கு எனலாம்.

முதலாவது, காலங்குறிக்கும் சொல். காலையில் முற்றம் ஈரமாக இருப்பதைக் கண்டவர், "நேற்றிரவு மழை பெய்திருக்கிறது" என்கிறார். அடையாளத்தைக் கண்டு நிகழ்ச்சியை உய்த்துணர்தல் தமிழின் 'இரு' வினைக்குரிய சிறப்புப் பயன். அதனால் 'நேற்றிரவு' என்னும் சொல் அங்கே தடையின்றி வருகிறது. "மாமா நேற்று வந்திருக்கிறார்" என்பதும் இத்தகையதே. ஆங்கில நிறைவு வடிவம் நிகழ்காலத்தில் காலூன்றி நிற்பதால், முடிந்துபோன காலத்தின் பெயரை அதனோடு சேர்ப்பதில்லை. 'யெஸ்டர்டே' வந்தால் 'கேம்' வருதல் வேண்டும்.

இரண்டாவது, எதிர்மறை. 'வந்தார்', 'வந்திருக்கிறார்' என்னும் இரண்டிற்கும் வழக்கில் பெரும்பாலும் 'வரவில்லை' என்னும் ஒரே எதிர்மறைதான் அமைகிறது. "அவர் நேற்று வரவில்லை", "அவர் இன்னும் வரவில்லை" என்பவற்றில் வினை மாறவில்லை. ஆங்கிலத்திலோ முன்னதற்கு 'டிட் நாட் கம்' என்றும் பின்னதற்கு 'ஹேஸ் நாட் கம்' என்றும் இரு வடிவங்கள் வேண்டும். உடன்பாட்டில் பிழையின்றி எழுதும் மாணவனும் எதிர்மறையில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, தொடர்ந்து வரும் நிலை. "பத்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார்" என்று தமிழ் நிகழ்காலத்தால் கூறும். ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளும் அவ்வாறே கூறும். ஆங்கிலம் மட்டும், அன்று தொடங்கியது இன்றுவரை வந்து நிற்கிறது என்பதனால் 'ஹேஸ் வொர்க்ட்' என்றோ 'ஹேஸ் பின் வொர்க்கிங்' என்றோ நிறைவு வடிவத்தை வேண்டும். 'பார்', 'சின்ஸ்' ஆகிய சொற்களை இவ்விடத்தில் கற்பித்தலே முறை.

நான்காவது, உடலின் இருப்பைக் கூறும் வினைகள். 'உட்கார்ந்திருக்கிறார்', 'படுத்திருக்கிறார்' என்பவற்றில் 'இரு' தன் பழம்பொருளை இன்னும் விடவில்லை. அவற்றை 'இஸ் சிட்டிங்', 'இஸ் லையிங்' என்றே ஆங்கிலத்தில் கூறுதல் வேண்டும். 'இரு' வந்த இடமெல்லாம் 'ஹேவ்' வரும் என்று சூத்திரம் கூறிவிட்டால் இங்கே மாணவன் வழுக்கி விழுவான்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்தற்குரியது. 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' போன்ற சொற்களோடு எளிய இறந்தகாலத்தை வழங்குவது அமெரிக்க ஆங்கிலத்தில் பெருவழக்கு. பிரித்தானிய வழியில் அமைந்த தேர்வுகள் நிறைவு வடிவத்தை எதிர்பார்க்கலாம். திரைப்படத்தில் கேட்டதை மாணவன் எழுதினால், "இது ஆங்கிலமே அன்று" என்று கூறாமல், "இது அவ்வழக்கு, தேர்வில் இவ்வழக்கை எழுதுக" என்று கூறுவதே நேர்மையாகும்.

வகுப்பறைக்குத் திரும்புதல்

அட்டவணையை ஒப்புவிப்பதற்கு முன், வகுப்பறையின் சன்னலை மாணவன் ஒருவன் திறக்கட்டும். அது திறந்தே இருக்கும்போது, "ஹி ஹேஸ் ஓப்பண்ட் தி விண்டோ" என்று மற்றவர் கூறட்டும். மறுநாள் அந்நிகழ்ச்சியை நினைவூட்டி, "ஹி ஓப்பண்ட் தி விண்டோ யெஸ்டர்டே" என்று கூறட்டும். முதல் தொடர் கண்முன் நிற்கும் பயனைக் கூறியது. இரண்டாம் தொடர் கடந்துபோன செயலைக் கூறியது. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் மீன் பிடித்தவனின் தொடர் உணர்த்தியதும் இந்த வேறுபாட்டைத்தான்.

சிங்கப்பூரில் இதே பாடம் எதிர்த்திசையில் பயன்படும். ஆங்கிலம் முந்தி வந்து, தமிழ் பிந்தி வரும் பிள்ளைக்கு 'ஹேஸ் கம்' என்பதைக் காட்டி 'வந்திருக்கிறார்' என்பதை விளக்கலாம். அதன்பின், ஆங்கிலம் தடுக்கும் 'நேற்று' என்னும் சொல்லைத் தமிழ் தடுப்பதில்லை என்பதையும் காட்டலாம். அப்போது அப்பிள்ளை தன் தாய்மொழியில் ஆங்கிலத்திற்கு இல்லாத ஒரு நுட்பம் இருப்பதை உணரும்.

சிவப்பு மையால் திருத்துவதை ஆசிரியர் நிறுத்த வேண்டுவதில்லை, பிழை பிழையே. தேர்வும் வேலையும் அதனைப் பொறுத்துக்கொள்ளா. ஆனால், 'ஹேஸ் கம்' என்பதை அடிக்கும்போது, அதன் அருகே "மாமா நேற்று வந்திருக்கிறார் என்பது நல்ல தமிழ்; ஆங்கிலம் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது" என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரியைப் படிக்கும் மாணவன் தன் மொழி தன்னைக் கெடுத்துவிட்டது என்று எண்ணமாட்டான். தான் கேட்காமல் மறைத்து வைத்திருந்த வினாவிற்கு விடை கிடைத்தது என்றே எண்ணுவான். அடுத்த வினாவை வாய்விட்டுக் கேட்கவும் துணிவான்.